தடை போட்ட பக்கம்

கண்ணாடிக்கடைக்காரர் வீட்டைத் திறந்ததும் பூட்டிக் கிடந்த அறைகளின் புழுக்க வாடை முகத்தில் அடித்தது. மனைவி இறந்தபின் தங்கை வீட்டில் இருந்தவர், மழை இருட்டிய அந்தப் பிற்பகலில்தான் திரும்பியிருந்தார். கூடவே மச்சானும் வந்திருந்தான். இறந்தவளின் தம்பி, கணினி வேலை பார்ப்பவன்.

அவள் திக்குவாய்ப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்தவள். அதற்கென்று ஒரு வலைப்பக்கம் வைத்திருந்தாள். சேதி தெரியாத பெற்றோர்கள் இன்னும் அதில் எழுதிக்கொண்டிருந்தார்கள். யாராவது பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் பக்கத்தைத் திறந்த மாத்திரத்தில் அவள் குரல் கலகலவென்று ஒலிக்கும்: "வாங்க கண்ணு, என் பின்னாடி சொல்லுங்க." அதைக் கேட்கும் தெம்பு அவருக்கில்லை.

அவரும் ஒருகாலத்தில் அவளிடம் திக்குவாயோடு போனவர்தான். பேச்சு திருந்தியது, கல்யாணமும் ஆனது. ஆஸ்பத்திரியில் கடைசி நாளன்று அவள் அவர் கையைப் பிடித்து, நான் இல்லாமல் இருந்துவிடுவீர்களா என்று கேட்டாள். 'இருப்பேன்' என்ற சொல் முதலெழுத்திலேயே மாட்டிக்கொண்டது. அது வெளியே வருவதற்குள் அவள் கண் நிலைகுத்திவிட்டது. அன்று திரும்பி வந்த திக்கல் அப்புறம் போகவேயில்லை.

மச்சான் அவளுடைய மடிக்கணினியை எடுத்து, பிரவுசரில் தடுப்பு வேலை செய்யும் ஒரு சிறு எக்ஸ்டென்ஷனைச் சேர்த்தான்.

"குரலை ஓட்டுறது பக்கத்துக்குள்ள இருக்கிற ஜாவாஸ்கிரிப்ட் நிரல்தான் மாமா. அதுக்குத் தடை போட்டாச்சு. மேல் மூலையில இந்தச் சிவப்புக் குறி இருக்கிற வரைக்கும் எழுத்து மட்டும்தான் தெரியும். சத்தம் வராது."

சொன்னபடியே பக்கம் ஊமையாகத் திறந்தது. மச்சான் சாப்பாடு வாங்கிவரக் கிளம்பினான்.

அவர் ஒவ்வொரு சேதியாகப் படித்துப் பதில் எழுதினார். ஒரு தாய், மகன் இப்போது தன் பெயரை ஒரே மூச்சில் சொல்கிறான், டீச்சர் கேட்டால் சந்தோஷப்படுவார் என்று எழுதியிருந்தாள். அதற்கு என்ன எழுதுவது? விரல்கள் நின்றுவிட்டன.

மழைச்சத்தமும் நின்றது.

ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டுதான் இருந்தது.

"ஏங்க."

குரல் மடிக்கணினியிலிருந்து வந்தது. பிள்ளைகளை அழைக்கும் கலகலப்பு அதில் இல்லை. கடைசி நாட்களின் வறண்ட குரல். அறையில் மருந்து நெடி பரவியது.

அவர் திரையைப் பார்த்தார். தடைக்குறி சிவப்பாகத்தான் இருந்தது. வலைப்பக்கத்தில் எதுவும் அசையவில்லை.

"என்னை ஏங்க அடைச்சீங்க?"

குறியை அழுத்தித் தடையை எடுத்தார். உடனே படங்கள் துள்ளின. "வாங்க கண்ணு" என்று பதிவுக்குரல் சிரித்தது. அந்தக் குரலுக்கு அவர் யாரோ எவரோ. மறுபடி தடையைப் போட்டார். அறை அடங்கியது.

காத்திருந்தார்.

"இங்கதான் இருக்கேன். சொல்லுங்க."

"இ..." என்றார். தாடை இறுகியது. கழுத்து நரம்பு புடைத்தது. அவள் கேட்டுக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. "இ... இ... இருப்பேன்மா."

சொல்லிவிட்டார். சொன்னதும் மேசையில் தலை கவிழ்ந்து, ஆஸ்பத்திரியில் அழாத அழுகையெல்லாம் சேர்த்து அழுதார். பதில் வரவில்லை. மருந்து நெடி கலைந்து, மழைச்சத்தம் திரும்பியிருந்தது. போய்விட்டாள் என்று நினைத்து, மடிக்கணினியை அணைத்து மூடினார்.

மச்சான் சொட்டச் சொட்ட உள்ளே வந்தான்.

"இப்படியா நனைஞ்சிட்டு வருவ? கொஞ்ச நேரம் எங்கயாவது ஒதுங்கி நின்னிருக்கலாமே. முதல்ல தலையைத் துவட்டு" என்றார்.

மச்சான் அவரையே பார்த்தான். ஓர் எழுத்தில்கூட அவர் திக்கவில்லை. அவருக்கே அது அப்போதுதான் உறைத்தது.

"மாமா, உங்க பேச்சு..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான். அவன் பார்வை உள்ளறைப் பக்கம் போனது.

விளக்கில்லாத அந்த அறைக்குள் அதே வறண்ட பெண்குரல் எதையோ சொல்ல முயன்றுகொண்டிருந்தது.

"போ... போ..."

அவரை விட்ட திக்கல் அவள் நாவில் ஏறியிருந்தது; முதலெழுத்தைத் தாண்ட முடியவில்லை.

மச்சான் கையிலிருந்த பொட்டலம் கீழே விழுந்தது. அவன் வாசல் கதவோடு ஒட்டிக்கொண்டான். அவர் மட்டும் மெல்ல எழுந்து போனார். காலியான கட்டிலின் ஓரத்தில், ஒரு ஆள் படுக்க இடம்விட்டு உட்கார்ந்தார்.

"மெதுவா சொல்லும்மா" என்றார். "நான் எங்கயும் போகல."

தலையணைப் பக்கமிருந்து மூச்சு இழுபடும் சத்தம் கேட்டது.

"போ... போ... போ..."