துடைத்து வைத்த பெட்டி

"பெட்டி கிடைச்சிடுச்சு, உள்ள இருந்தது மட்டும் இல்லை. அதானே?"

"ஆமா டாக்டர். லிஃப்ட் பக்கத்துக் குப்பைக்கூடையில கிடந்தது."

காலை 10.40. அடையாறில் ஒரு மருத்துவமனை, குழந்தைகள் புற்றுநோய் வார்டு. கேட்டவர் அறுவை நிபுணர் ஹம்சா. பதில் சொன்னவர் தலைமை நர்ஸ் ருக்சார்.

காணாமல் போனது ஒரு மண்டையோடு. ஏழு வயது தமிழ்நிலாவின் ஸ்கேனை வைத்து பிளாஸ்டிக்கில் அச்செடுத்தது. மூக்குக்குப் பின்னால், மண்டையின் அடியில், கண் நரம்பை நெருக்கும் கட்டி அதில் செம்பருத்தி மொட்டுபோல் சிவந்திருக்கும். நாளை மூக்கு வழியே போய் அதை எடுக்க வேண்டும். இன்று பன்னிரண்டு மணிக்கு மாதிரியில் ஒத்திகை. புதிதாகச் செய்ய ஒரு வாரம் ஆகும். குழந்தையின் இடது கண் அதுவரை காத்திருக்காது.

10.55. இன்னொரு அறுவை நிபுணர் டாக்டர் சாய்சரணின் அறை. ருக்சார் பெட்டியோடு வந்திருந்தார்.

"நேத்து சாயங்காலம் எங்க இருந்தீங்க டாக்டர்?"

"என்னையா கேக்கறேள்? இது எனக்கு வரவேண்டிய ஆபரேஷன். வயிறு எரியறது, ஒத்துக்கறேன். அதுக்காக ஒரு குழந்தையோட தலையைத் திருடுவேனா?"

சாய்சரண் பெட்டியை வாங்கிப் புரட்டினார். மார்க்கரில் எழுதிய பெயர் கலைந்து, மை மூடியெங்கும் இழுபட்டிருந்தது. ஸ்பிரிட் வாடை.

"ரேகை தெரியாம துடைச்சிருக்கான். நிறைய சினிமா பாத்த திருடன்."

ருக்சார் மூடியில் கிழிந்திருந்த டேப்பின் இரண்டு பாதியையும் சேர்த்துப் பார்த்தார். இழுபட்ட மைக் கோடு ஒன்று இரண்டிலும் ஓடி, பிசகாமல் சேர்ந்தது.

11.10. வராந்தாவில், வார்டில் இருக்கும் ஒரு பையனின் அம்மா சொர்ணம், அவனுக்கு வாங்கிய பிஸ்கட் பாக்கெட்டை நாலு பக்கமும் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சிஸ்டர், அந்தப் பொண்ணோட பொம்மைய காணோமாமே? அதுக்குன்னா ஆஸ்பத்திரியே ஓடுது."

11.25. ருக்சார் ஹம்சாவிடம் திரும்பினார்.

"திருடன் போகும்போது துடைப்பான். இது பிரிக்கறதுக்கு முன்னாடியே துடைச்சது டாக்டர். டேப் கிழியறதுக்கு முன்னாலயே மை கலைஞ்சிருக்கு."

"யார் அப்படிச் செய்வா?"

"நான் சொல்லிக்கொடுத்ததுதான். எதிர்ப்புச் சக்தி இறங்கின குழந்தைகிட்ட எது போனாலும் துடைச்சிட்டுப் பிரிக்கணும். அந்த மாதிரி குழந்தை இருக்கற அறைக்கு மாட்டற மஞ்சள் அட்டை இன்னிக்கு ஒரே கதவுலதான் தொங்குது."

கதவைத் திறந்தார்கள். சொர்ணத்தின் மகன், ஐந்து வயது புகழேந்தி தூங்கிக்கொண்டிருந்தான். தலையணையோரம், போர்வைக்குள், அந்த மண்டையோடு. அவனுக்கும் அதே இடத்தில்தான் கட்டி, ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டது. கத்தி வைக்க முடியாது என்று திங்கட்கிழமை சொன்னவரே ஹம்சாதான்.

கட்டிலோரம் நின்ற சொர்ணம் அழவில்லை. மாதிரியை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினாள்.

"ஒடைக்கல டாக்டரம்மா. அந்தப் பொண்ணு நல்லா இருக்கட்டும். அதுக்கு மட்டும் உள்ள போற வழியெல்லாம் செஞ்சி வெச்சிக்கினு கீறீங்கோ, பாத்து மனசு கேக்கல. எம் புள்ளைக்கும் இத மாரி ஒண்ணு செஞ்சி, எங்கயாச்சும் வழி கீதான்னு இன்னொரு தபா பாருங்க டாக்டரம்மா."