பெயரிட்ட துகள்

ஆயிரமாயிரம் துகள்கள் வற்றுநீரோடு முகத்துவாரம் நோக்கி இறங்கிக்கொண்டிருக்க, திரையில் ஒன்று மட்டும் அசையாது நின்றது.

கணிப்பின் பிழையென்றே டினுஷா முதலில் எண்ணினாள். வந்தாறுமூலை வளாகத்தில் நீரியல் கற்பிப்பவள் அவள். வாவியின் ஆழத்தையும் காற்றையும் நீரோட்டத்தையும் எண்களாக்கி, மிதக்கும் உடலுக்கு ஈடாகத் துகள்களை அதில் விட்டு, கடல் கடந்த நாடொன்றில் வாடகைக்கு எடுத்த கிளவுட் கணினியில் ஓடவிட்டிருந்தாள். கார்த்திகை வெள்ளத்தில் தோணி கவிழ்ந்து மறைந்த கணவன் ஜொய்சனின் உடல் எங்கே ஒதுங்கியிருக்குமென்று அது காட்டவேண்டும். கல்லறைத் தோட்டத்தில் அவனுக்கென ஒரு குழி. அதனருகே நின்று பாட ஒரு பாட்டு. அவ்வளவே அவளது மன்றாட்டு.

குருக்கள்மடத்து வீட்டின் ஓடுகளில் மழை ஓய்ந்தும், தாழ்வாரத்துச் சொட்டொலி ஓயாத அந்தி. கண்டல்மரச் சேற்றின் புளித்த மணம் சன்னல்வழி ஊர்ந்து வந்து, அவன் இல்லாத கட்டிலிலும் மடித்தபடி கிடந்த, அவன் உடுத்தும் சாரத்திலும் படிந்தது. மாலை ஞானப்பாட்டின் இரண்டாம் குரல் அவனுடையது. இப்போது அவள் தொடங்கும் பாட்டு முதலடியிலேயே நின்றுவிடும்.

தொலைபேசி ஒலித்தது. ஜொய்சனின் தமையன், வாவியில் வலைவீசும் ஹெக்டர்.

“டினுஷா, சாப்பிட்டியாகா? என்னவாம் உன்ட கம்பியூட்டர் பெட்டி? எங்கட வாவியக் கண்ணால காணாத பெட்டி, மீனாவது புடிச்சுதா?”

“நாம தேடுற துகளுக்கு ஒரு பேர் குடுக்கணும் அத்தான். அவர் விழுந்த இடத்தில விட்டதுக்கு அவர்ர பேரத்தான் குடுத்தன். அது மட்டும் அசையாம நிக்குது.”

மறுமுனையில் சிரிப்பு அறுந்தது.

“என்ன வேலகா பாத்தாய்? உடம்பு கரையேறுமட்டும் பேர் சொல்லப்படாதெண்டு தெரியாதா? தண்ணிக்குள்ள கிடக்கிறவன் பேர் கேட்டா வருவான். வந்தவன் தனியத் திரும்பமாட்டான். அழி, டினுஷா. நான் இப்பவே வாறன். போன வெக்காத.”

பெயரை அழித்தாள்.

துகள் அசைந்தது. ஓட்டத்தோடு அன்று, ஓட்டத்தை எதிர்த்து, மற்றவற்றை விலக்கிக்கொண்டு, தெற்கே. குருக்கள்மடத்துத் துறையை நோக்கி. அழித்த பெயர் மீண்டும் அதன் தலைமேல் இருந்தது.

கணிப்பை நிறுத்தினாள். நிறுத்தப்பட்டது என்று திரை அறிவித்தது. துகள் நிற்கவில்லை.

வாவிக் கரையை அடைந்தது. கரைக்கு அப்பால் அவள் கணிப்பில் நீரே இல்லை, வெறும் வெள்ளை. வெள்ளைக்குள் ஏறியது. வீட்டுக்கு வரும் ஒழுங்கை. அதன் கிணற்றடி. வாசற் படலை.

வெளியே படலை முனகியது.

“அத்தானா?”

கதவின் கீழ் நீர் நுழைந்தது. சேற்று மணம். குளிர். ஞானப்பாட்டைத் தொடங்கினாள். முதலடி முடிந்தது.

இரண்டாம் குரல் சேர்ந்தது.

பின்னாலிருந்து. நீர் நிறைந்த தொண்டையிலிருந்து. சுதி பிசகாமல்.

அவள் திரும்பவில்லை. திரையையே பார்த்தாள். வீடு இருந்த வெள்ளையில் அவன் துகளருகே இன்னொரு துகள். அதன்மேல் அவள் எழுதாத பெயர்: டினுஷா.

இரண்டும் துறைநோக்கித் திரும்பின. அவள் பாதங்கள் நனைந்தன. கணுக்கால். முழங்கால்.

மேசைமேல் தொலைபேசி இன்னும் திறந்தே கிடந்தது. பெயர் சொல்லியன்றி அவளை அழைத்தறியாத ஹெக்டர், அதிலிருந்து கதறிக்கொண்டிருந்தான்.

“புள்ள... புள்ள...”