பின்தாழ்வாரத்து அழைப்பு

அடைமழையில் டாலாவிலிருந்து படகேறி ஆற்றைக் கடந்து, கணவன் சண்முகநாதனைத் தோளில் சாய்த்தபடி சீதை அந்தப் பழைய மருத்துவமனையை அடைந்தபோது நண்பகல். ஆயினும் கார் கவிந்து, கதிரவன் நின்ற திசை தெரியவில்லை. அவனுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. உதடுகள் நாவற்பழம்போல் கறுத்திருந்தன.

வாயிலில் செவிலி டோ கின் சுவே நின்றாள். கன்னங்களில் பர்மியப் பெண்கள் மரப்பட்டையை அரைத்துப் பூசும் தடித்த தனக்காப் பூச்சு. சண்முகநாதனின் நெற்றி நீற்றைக் கண்டதும் அவள் முகம் சுருங்கிற்று.

"கலாமா, பின்தாழ்வாரத்துல போய் உட்காரு" என்றாள் பர்மிய மொழியில். இந்திய வம்சத்துப் பெண் என்பதே அச்சொல்லின் பொருள். அவள் வாயிலிருந்து அது எச்சில்போல் விழுந்தது.

"சயாமா, ஆக்சிஜன் மட்டுமாவது..." என்று, செவிலியரை மரியாதையாக விளிக்கும் பர்மியச் சொல்லால் சீதை கெஞ்சினாள்.

"பேர் கூப்பிடுவேன். வரலைன்னா அடுத்த ஆள்."

பின்னால் வந்த பர்மியக் குடும்பம் நேரே உள்ளே சென்றது. வேறொன்றும் சென்றது.

தாழ்வாரத்தில் பினாயில் நெடியும் நனைந்த பாய்களின் புழுக்கமும் கலந்து கிடந்தன. அத்தனை நெரிசலிலும் கோடியில் ஒரு பெஞ்சு வெறுமையாக இருந்தது. சீதை அதை நோக்கி நடந்தாள்.

"அதுல உட்காராதே தங்கச்சி" என்று ஒரு குரல் தடுத்தது. தன் உம்மாவுக்குக் கஞ்சி கொண்டுவந்திருந்த கடைக்காரர் இக்பால்.

"ஏன் பாய்?"

"போன மழைக்கு நீலாம்பாள்னு ஒரு பொண்ணு அதுல காத்திருந்தே செத்துப்போச்சு. கலாங்கிறதால கவனிக்கலன்னு அண்ணன்காரன் புகார் கொடுத்தான். விசாரணையில இந்தச் சயாமா என்ன சொன்னா தெரியுமா? 'பேர் கூப்பிட்டேன், யாரும் வரல.' அவ்வளவுதான், முடிச்சிட்டாங்க."

"நெசமாவே கூப்பிட்டாளா?"

"நம்ம பேர்னா மட்டும் அவளுக்குத் தொண்டை கட்டிக்கும்."

சீதை சுவரோரம் அமர்ந்து, கணவன் தலையை மடியில் ஏந்திக் கதவையே பார்த்திருந்தாள். அது திறக்கவில்லை.

"சீதை..."

பெஞ்சின் பக்கமிருந்து வந்தது அக்குரல். நீரில் ஊறிய குரல்.

பெஞ்சில் எவருமில்லை.

சீதை இருபுறமும் பார்த்தாள். கணவனை வாயிலில் ஊ மியின் என்ற பர்மியப் பெயரில்தான் பதிந்திருந்தாள். தன் பெயரை எவரிடமும் சொல்லவில்லை. சீதை என்பது வீட்டுக்குள் மட்டும் வழங்கும் பெயர். உருத்தெரியாத குரல் அழைத்தால் மூன்றாம் முறைவரை வாய் திறக்கலாகாது என்று கேட்டு வளர்ந்தவள் அவள். பேய்க்கு இரண்டு அழைப்புகளே உண்டு. அதற்குள் பதில் சொன்னவர் அதனோடு போய்விடுவர்.

ஐந்தெழுத்தை நாவுக்குள் உருட்டினாள்.

"சீதை..."

இக்பால் திரும்பவேயில்லை. அவர் செவிக்கு அது எட்டவில்லை போலும். மடியில் கிடந்தவனின் கை நழுவித் தரையில் விழுந்தது.

"சீதை, எழுந்திரு. கதவைப் பாரு."

மூன்றாம் முறை.

எழுந்து ஓடினாள். கதவின் கண்ணாடிக்கு அப்பால் டோ கின் சுவே நின்றிருந்தாள். 'ஊ மியின்' என்று அவள் உதடுகள் அசைந்தன. ஒலி எழவில்லை. உடனே உட்புறம் திரும்பி, "கூப்பிட்டேன் டாக்டர், வரல. அடுத்த ஆள்!" என்று உரக்கச் சொன்னாள்.

சீதை கதவைத் தள்ளினாள். "இருக்கோம் சயாமா! இங்கதான் இருக்கோம்!"

மருத்துவர் நிமிர்ந்தார். "சீக்கிரம் தூக்கிட்டு வாங்க!"

இக்பால் கைகொடுத்தார். முகமூடி வழியே காற்று ஏற ஏற, சண்முகநாதனின் உதடுகளில் செம்மை மெல்லத் திரும்பியது.

செவிலி சீதையின் காதருகே சீறினாள். "யார் உன்னை வரச் சொன்னது? நான் கூப்பிட்டது எனக்கே கேட்கலையே!"

"அங்கேருந்து கூப்பிட்டாங்க" என்று சீதை பெஞ்சைச் சுட்டினாள்.

டோ கின் சுவே விடுவிடுவென்று தாழ்வாரத்துக்குப் போனாள். சீதை கதவருகே நின்று பார்த்தாள். மேலே ஒழுக்கு எதுவுமில்லை. ஆயினும் பெஞ்சின் நடுவே ஒருவர் அமர்ந்த அளவுக்கு ஈரம் படிந்திருந்தது.

அக்குரல் மீண்டும் எழுந்தது. இம்முறை ஒரே ஒரு தடவை.

"அழகு..."

அது யார் பெயர் என்று சீதைக்கு விளங்கவில்லை. ஆனால் தனக்காப் பூச்சுக்கு அடியில் செவிலியின் முகம் வெளிறிற்று. அந்த மருத்துவமனையில் அவள் ஒருநாளும் பேசியறியாத தமிழில், தாய் அழைத்த குழந்தைபோல், தன்னை மறந்து பதில் சொன்னாள்.

"என்னம்மா?"

பெஞ்சின் மீதிருந்த ஈரம், இன்னொருவருக்கு இடம் விடுவதுபோல், மெல்ல ஒதுங்கிற்று.