வாசம் இல்லாத புகை

'வீல்' என்று அலறினாள் சொராய்தா.

சவப்பெட்டி வீட்டுக்குள் வந்துவிட்டது. உள்ளே அவள் புருஷன் லிசாந்த்ரோ.

பெட்டியின் ஒரு முனையை இறக்கிவைத்தான் அவள் அண்ணன் ஓவிதியோ. பாவி... தங்கை தாலியறுக்க நானே காரணமாகிவிட்டேனே!

சாம்பிராணி போல வாசத்துக்கு எரிக்கும் பாலோ சாந்தோ மரத்தில் பட்டதை மட்டும்தான் எடுக்கலாம், நீ உயிருள்ளதை வெட்டுகிறாய், ஊர்ச்சபையில் சொல்லிவிடுவேன் என்று முந்தாநாள் மலையில் மிரட்டினான் மச்சான். ஓவிதியோ ஆத்திரத்தில் தள்ளினான். பள்ளத்தில் விழுந்தவன் அசையவே இல்லை.

பயந்துபோய், விளிம்பில் நின்ற மரத்தின் வேரைத் தோண்டி அவன் மேலேயே சாய்த்தான். பட்ட மரம் தானாக விழுந்தது என்று ஊரை நம்பவைத்தான். கோடையில் எல்லா மரமும் மொட்டைதானே... பட்டதா பச்சையா என்று யாருக்குத் தெரியப்போகிறது?

இன்ஸ்பெக்டர் மருஹா வந்தாள். இந்தக் கடற்கரை ஊரில் பிறந்தவள். துக்க வீட்டில் கொடுத்த காபியை வாங்கிக் குடித்துவிட்டு, பையிலிருந்து ஒரு கட்டையை எடுத்து, பெட்டியருகே புகை போட வைத்திருந்த தணலில் போட்டாள்.

புகை வந்தது.

வாசம் வரவில்லை!

துக்கத்துக்கு வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மரம் பட்டு நாலைந்து வருஷம் கிடந்தால்தான் கட்டைக்குள் வாசம் ஊறும். அது அங்கே பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும்.

"இது உங்க மச்சான் மேல விழுந்த மரம். பட்டுப்போய் ரொம்ப வருஷம் ஆச்சுன்னு எழுதிக் கொடுத்தீங்களே ஓவிதியோ?"

அவன் வாசல் பக்கம் நகர்ந்தான்.

சொராய்தா எழுந்து வந்தாள். "என் முகத்தைப் பார்த்துச் சொல்லுண்ணே."

அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. உடைந்து அழுதான். "தள்ளிவிட்டது நான்தான்மா. கொல்லணும்னு நினைக்கல. செத்துட்டான்னு தெரிஞ்சப்புறம்தான் மரத்தைச் சாய்ச்சேன்... என்னை மன்னிச்சிடு."

"தெரிஞ்சப்புறமா?" மருஹா டாக்டர் கொடுத்த அறிக்கையைப் பிரித்தாள். "பள்ளத்துல விழுந்ததுல அவருக்குக் கால்தான் உடைஞ்சிருக்கு. மயங்கிக் கிடந்திருக்கார். உயிர் போனது மரம் விழுந்தப்போ."

ஓவிதியோ சவப்பெட்டியைத் திரும்பிப் பார்த்தான். சொராய்தா அழவில்லை. அண்ணனையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மருஹா கைவிலங்கை எடுத்தாள்.

"ஒரு மாவுக்கட்டோட முடிய வேண்டிய விஷயம். கூட வேலை செய்றவன் விழுந்தா, மூச்சு இருக்கான்னு மூக்குல கை வெச்சுப் பார்க்கிறது வழக்கம்... நீங்க மரம் தேடப் போயிட்டீங்க!"