கண்ணாடியின் உள்பக்கம்

காலையில் சுந்தரம்மாள் வீட்டுக்கு அருண்பாண்டியோடு ஜெயபாண்டி வந்து நின்ற கோலத்தைப் பார்த்தால் வீட்டில் நகை திருடுபோய்விட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். விஷயம் ஒரு பிளாஸ்டிக் விமானம். அதுவும் திருடுபோகவில்லை, கெட்டுப்போயிருந்தது.

"மத்தியானம் நடுவர்க வாராக மேடம். எவனோ பெயின்ட் தின்னரை ஊத்தி கண்ணாடியைப் பாழாக்கிட்டான்," என்றார்.

சுந்தரம்மாள் காவல்துறையின் கைரேகைப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். சிம்மக்கல்லில் அவர் வீட்டுக்குக் கீழே செல்போன் கடை வைத்திருக்கும் அருண்பாண்டி, தன்னைத்தானே அவருக்கு உதவியாளனாக நியமித்துக்கொண்டவன். விமானம், கப்பல், டாங்கி என்று பிளாஸ்டிக் மாடல்கள் செய்து வண்ணம் பூசுகிறவர்களின் சங்கத்தில் அவனும் உண்டு. பக்கத்துத் தெரு மண்டபத்தில் சங்கத்தின் கண்காட்சி. நேற்றே எல்லோரும் மாடல்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். உசிலம்பட்டி உரக்கடைக்காரரான ஜெயபாண்டிக்குத்தான் வருடம் தவறாமல் முதல் பரிசு.

"ஆளைப் பிடிச்சாச்சு மேடம்," என்றான் அருண்பாண்டி பெருமையாக. "தமிழ்மாறன்னு ஒருத்தரு. மின்வாரியத்துல இன்ஜினியர், பரவையில இருந்து வாராரு. சங்கத்துக்குப் புதுசு. நேத்து இந்த விமானத்தையே சுத்திச் சுத்தி வந்தாரு. காலையில எல்லார் முன்னாடியும் அவரு பையை நானே கொட்டிப் பாத்தேன். தின்னர் பாட்டில் இருந்துச்சு. மத்தியானத்துக்குள்ள சங்கத்தை விட்டே தூக்கிருவோம்."

"உங்க பையில தின்னர் இல்லையா?"

"இருக்கும் மேடம். பெயின்ட் அடிக்கிற எல்லார்கிட்டயும் இருக்கும்."

சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது. அவசரமாகப் பேச்சை மாற்றினான். "அண்ணே, அந்தப் போட்டோவைக் காட்டுங்க."

ஜெயபாண்டி போனில் கட்டைவிரலை வைத்தார். திறக்கவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு வைத்தார். அப்போதும் திறக்கவில்லை.

"சென்சார்ல அழுக்குண்ணே. கடைக்குக் கொண்டாங்க, துடைச்சுத் தாரேன்."

கடைசியில் நம்பரை அழுத்தித்தான் திறந்தார். சுந்தரம்மாள் போட்டோவைப் பார்த்தார், ஜெயபாண்டியின் கையையும் பார்த்தார். "நேர்லயே போயிருவோம்," என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

மண்டபத்தில் தமிழ்மாறன் ஒரு மூலையில் நின்றிருந்தார். அவரைச் சுற்றி நாலு நாற்காலி தூரத்துக்கு யாரும் இல்லை. ஜெயபாண்டியின் மனைவி தாமரைச்செல்வி சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விமானி அமரும் இடத்தின் கண்ணாடிக் கூடு வெள்ளை படிந்திருந்தது. அந்த வெள்ளைக்கு நடுவே ஒரு கைரேகை பளிச்சென்று தெரிந்தது.

சுந்தரம்மாள் பெட்டியைத் திறந்து, கூட்டின் மேல் பஞ்சால் துடைத்தார். வெள்ளை போகவில்லை.

"தின்னர் பட்டிருந்தா பெயின்ட் இளகியிருக்கும். ஒரு பொட்டுக்கூட இளகலை. வெள்ளை படிஞ்சிருக்கது உள்பக்கம். இது சூப்பர் க்ளூவோட ஆவி. மூடின இடத்துல விரல் பட்ட பிசுக்கைத் தேடிப் போய் வெள்ளையாப் படியும். நாங்க கைரேகை எடுக்கிறதே இப்படித்தான்." விமானத்தைப் புரட்டினார். "இந்தச் சக்கரத்தைப் புதுசா ஒட்டியிருக்கு. சக்கரக் குழி வழியா ஆவி மேல ஏறியிருக்கு. ஒட்டினவர் கட்டைவிரல்லயும் க்ளூ காஞ்சு போயிருக்கு. அதான் காலையில போன் திறக்கலை."

செல்போன் கடைக்காரனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும். அருண்பாண்டிக்குக் காது சுட்டது.

"வரும்போது பஸ்ஸுல கழண்டுருச்சு, ஒட்டினேன்," என்றார் ஜெயபாண்டி. "என் விமானத்தை நான் ஒட்டினா என்ன குத்தம்? அது இப்புடி ஆகும்னு எனக்கென்ன தெரியும்?"

"அருண், கண்ணாடி மாட்டின மாடல்கிட்ட நீங்க சூப்பர் க்ளூவைக் கொண்டுபோவீங்களா?"

"மாட்டேன் மேடம். சேர்ந்த அன்னிக்கே சொல்லிக் குடுக்கிற விஷயம். யாரும்..." அவன் பாதியில் நிறுத்தினான்.

"வருசா வருசம் பரிசு வாங்குறவருக்குத் தெரியலையே. உள்பக்கத்து ரேகை, கூட்டை ஒட்டுறதுக்கு முன்னாடி பட்டது. அது செஞ்சவரோட விரல். யாரு விரலை வச்சுப் பார்க்கலாம் ஜெயபாண்டி?"

தாமரைச்செல்வி சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். கணவனிடம் கேட்டாள்: "கழண்டுச்சுன்னா என்கிட்ட குடுத்திருக்கலாம்ல? பக்கத்து சீட்டுலதான உக்காந்திருந்தேன்?"

ஜெயபாண்டி தலையைத் தொங்கப்போட்டார். "மொதல்ல இவ செஞ்சதைப் போட்டோ போட்டப்ப எல்லாரும் என்னையப் பாராட்டிட்டாக. இல்லைன்னு சொல்ல வாய் வரலை. நேத்து இந்தத் தமிழ்மாறன், சக்கரத்துல சேறு பட்ட மாதிரி எப்படிப் பூசினீங்கன்னு கேட்டாரு. பதில் தெரியாம முழிச்சேன். காலையில வெள்ளையைப் பாத்ததும் இவரு பேருதான் வாயில வந்துச்சு."

சுந்தரம்மாள் அருண்பாண்டியின் பக்கம் திரும்பினார். "அவர் பொய்க்கு ஒரு காரணம் இருக்கு. எல்லார் பையிலயும் தின்னர் இருக்கப்ப, நீங்க இவர் பையை மட்டும் ஏன் கொட்டினீங்க?"

புதுசா சேர்ந்தவர் என்று சொல்ல வாயெடுத்தான். ஆனால் அது இல்லை என்று அவனுக்கே தெரியும். தமிழ்மாறன் சேர்ந்த அன்று, 'பரவையில எந்தத் தெரு சார்?' என்று கேட்டவன் அவன்தான். அந்தப் பதிலில் தெரிந்த சாதியை அன்றே மனதில் முடிந்துவைத்துக்கொண்டான். இத்தனை நாளும் சிரித்துப் பேசி, ஒரே தட்டில் வடை எடுத்துத் தின்ற மனுசன். அருண்பாண்டிக்கு அங்கே நிற்கவே அவமானமாக இருந்தது.

தமிழ்மாறன் தன் கப்பலை எடுத்துப் பெட்டியில் வைத்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். அருண்பாண்டி முன்னால் ஓடினான்.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க, இருந்து பரிசைப் பாத்துட்டு..."

தமிழ்மாறன் நின்றார். பையை இறக்கி, ஜிப்பை முழுக்கத் திறந்து அவன் முன்னால் நீட்டினார்.

"போறேன் தம்பி. பாத்துருங்க. பெறகு ஏதாச்சும் காணோம்னா, மறுபடி நீங்கதான வரணும்."

அவர் நீட்டிய கை அப்படியே இருந்தது. அருண்பாண்டி பைக்குள்ளும் பார்க்கவில்லை, அவர் முகத்தையும் பார்க்கவில்லை.