வீரக்குட்டி அங்கிளுக்கு வந்த அனுதாபங்கள்

வீரக்குட்டி அங்கிளின் சிரிப்புக்கு விலை ஒரு பை பால். கூட்டிக் கொடுத்தாலும் வாங்கமாட்டார், குறைத்துக் கேட்டாலும் தரமாட்டார். கதவைத் திறப்பார், பால் பையைப் பார்ப்பார், முகம் முழுக்கச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு மட்டும் கடைக்கு வந்தால் ஸ்காபரோவின் பிளாசாக் கடைகள் அத்தனையிலும் வாசல்வரை வரிசை நிற்கும்.

மெலனி அதை வாங்கப் பதினாலாம் மாடிவரை ஏற வேண்டும். உள்ளதைச் சொன்னால் பதின்மூன்றாம் மாடிதான். பதின்மூன்று ராசியில்லாத எண் என்று கட்டடம் கட்டியவர்கள் பன்னிரண்டுக்கு அடுத்தது பதினாலு என்று எழுதிவிட்டார்கள். ஒரு மாடி விலைக்கழிவில் கிடைத்தது என்று மெலனி மனதைத் தேற்றிக்கொள்வாள்.

படியில் ஏறுவது ஏனென்றால், கட்டடத்தின் எலிவேற்றர் இரண்டும் படுத்துவிட்டன. ஒன்று போன மாதமே போனது. கூட்டாளி ஓய்வெடுக்கும்போது நான் மட்டும் ஏன் ஏறி இறங்க வேண்டும் என்று மற்றதும் நினைத்ததோ என்னவோ, இந்த நவம்பரில் அதுவும் நின்றுவிட்டது. திருத்தப் பல வாரம் ஆகுமாம்.

அப்போது பிறந்ததுதான் படியேறிகள் சங்கம். தலைவி மெலனி, வயது பத்து. மற்ற இரண்டு பேரும் நாலாம் மாடியில் இருக்கும் தேனுகாவும் அவளுடைய தம்பி லக்ஷனும். படி ஏற முடியாதவர்களின் சாமான்களைக் கீழேயிருந்து வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது வேலை. கூலி கிடையாது. யாராவது பிஸ்கற் நீட்டினால் மட்டும், அவர்கள் மனம் நோகக்கூடாதே என்று லக்ஷன் இரண்டு எடுப்பான். இரண்டு கையாலும் எடுப்பான்.

ஒரு வியாழக்கிழமை மெலனி பால் பையோடு போனபோது அங்கிளின் சிரிப்பு வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. மேசையில் கறுப்பாக ஒரு கோப்பைத் தேநீர்.

“அங்கிள், பால் எப்ப முடிஞ்சது?”

“அது... திங்கக்கிழமை, புள்ள.”

“ஏன் கோல் பண்ணேல்லை?”

“நீங்க மூணு பேர். வீடுகளோ நிறைய. உங்களுக்கும் கால் நோகும்தானே?”

மெலனி விரல்விட்டு எண்ணினாள். எத்தனை நாள் வெறும் தேநீர்!

வீட்டில் அம்மா பேர்ணடெற் அவளுடைய தோளுக்குத் தைலம் தேய்த்துவிட்டார்.

“ஞாயிறு வரைக்கும் பாப்பன். இன்னும் பத்துப் பேரைச் சேருங்கோ. இல்லாட்டி சங்கத்தை மூடு. ஹோம்வேர்க்கும் இல்லை, நித்திரையும் இல்லை.”

“மூடினா அங்கிளுக்கு ஆர் பால் கொண்டுபோறது?”

அம்மா தைலப் போத்தலின் மூடியைத் தேடினார். அந்த இடைவெளியை மெலனி விடவில்லை.

“உங்கட ஃபேஸ்புக்கில ஒரேயொரு போஸ்ற் போடட்டோ? வாட்ஸ்அப்பிலையும்?”

“ஒண்டுதான். படம் போடுறதெண்டா முதல் அங்கிளிட்டைக் கேள்.”

அங்கிள் உடனே சம்மதித்தார். ஆனால் அரை மணி நேரம் காக்கவைத்தார். வெளியே வந்தபோது கோட், கழுத்தில் ரை, எண்ணெய் வைத்து வாரிய தலை.

“சிரியுங்கோ அங்கிள்.”

“படத்துக்குச் சிரிச்சா மரியாதை இல்ல, புள்ள.”

பாஸ்போர்ட் அதிகாரியே பயந்துபோகும் முகத்தோடு அவர் நேரே பார்த்தார். கிளிக்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மெலனியும் தேனுகாவும் போஸ்ற்றரைச் செய்தார்கள். தமிழ் அறிவித்தல் எப்படி இருக்கவேண்டும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தமிழ்க்கடை வாசலில் வாராவாரம் ஒட்டியிருப்பதைப் பார்த்தவர்கள்தானே? நடுவில் வட்டமாகப் படம். சுற்றிவரப் பூ. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. கீழே, அங்கே கண்ட அதே அழகான வசனம்:

“மட்டக்களப்பைப் பிறப்பிடமாகவும், ஸ்காபரோவை வசிப்பிடமாகவும் கொண்ட திரு. வீரக்குட்டி அவர்கள்...”

அதற்குக் கீழேதான், பொடி எழுத்தில், எலிவேற்றர் பழுது, உதவிக்கு ஆட்கள் தேவை, சனி காலை பத்து மணி, கட்டட வாசல் என்ற விவரமெல்லாம்.

“சோ புரொஃபெஷனல்!” என்றான் லக்ஷன்.

வேலைக்களைப்பில் அம்மா நித்திரை. மெலனி பொத்தானை அழுத்தினாள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு திறமை உண்டு. படத்தையும் முதல் வரியையும், நேரத்தையும் இடத்தையும் பார்த்தாலே போதும், மிச்சத்தை அவர்களே முடிவு செய்துகொண்டு ஐந்து குழுவுக்கு அனுப்பிவிடுவார்கள்.

சனி காலை அம்மா போட்ட சத்தத்தில் நாலாம் மாடியிலிருந்து லக்ஷனும் தேனுகாவும் ஓடிவந்தார்கள்.

“மெலனி! என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறாய்!”

தொலைபேசி நிறைய அழுகிற முகங்கள், கூப்பிய கைகள், ‘ஆழ்ந்த அனுதாபங்கள்’.

“கடை வாசல்ல எல்லாம் இப்பிடித்தானே அம்மா இருக்கு?”

“அது எல்லாம் செத்த ஆக்களின்ர, பிள்ளை!”

லக்ஷன் போஸ்ற்றரை மறுபடி பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: “ஓ மை கோட். அங்கிளை நாங்கள் கொன்றுபோட்டம்.”

“குயிக்கா டிலீற் பண்ணு!” என்றாள் தேனுகா.

மெலனியின் விரல் டிலீற் பொத்தானுக்கு மேலே போய் நின்றது. அழித்திருந்தால் ஒருவருக்கும் முகம் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அவள் கண் சனம் எழுதியிருந்த வரிகளில் மாட்டிக்கொண்டது. வாசித்தாள். இன்னும் வாசித்தாள்.

“இல்லை. இதை அங்கிள் பாக்கவேணும். அவரிட்டை நான்தான் சொல்லவேணும், வேற ஆரும் சொல்ல முதல். தேனுகா, ‘அங்கிள் சுகமா இருக்கிறார், பிழை எங்கட’ எண்டு எல்லா இடமும் போடு. பத்து மணிக்குச் சனம் வந்திடும்.”

அம்மாவின் தொலைபேசியில் வந்ததையெல்லாம் தன் ரப்லற் கணினியில் திறந்துகொண்டு அவள் படி ஏறினாள். பால் பை இல்லாமல் ஏறுவது இவ்வளவு பாரமாக இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

அங்கிள் முழுவதையும் கேட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“நான் செத்திட்டனா? எத்தின மணிக்கு?”

“நேற்றுப் பின்னேரம்... ஆறு மணி இருக்கும். சொறி அங்கிள்.” மெலனிக்கு அழுகை வந்துவிட்டது.

“அழாத, புள்ள. என்னெண்டு எழுதியிருக்காங்க? வாசி, கேப்பம்.”

மெலனி மூக்கை உறிஞ்சிக்கொண்டு வாசித்தாள்.

“நாங்கள் பார்க்டேலுக்கு வந்து இறங்கிய அன்று, எங்கள் மெத்தையை முதுகில் சுமந்து ஆறு மாடி ஏறிய மனிதர்.”

“பனிப்புயலில் தான் ஓட்டிய ராக்சிக் காரில் என்னைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். காசு கொடுத்தேன், பிறந்த பிள்ளையின் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.”

“எத்தனை வீடு மாறினோமோ அத்தனை முறையும் அவர் தோள்தான். ஒரு நேரச் சாப்பாடு கொடுக்காமல் விட்டுவிட்டோமே.”

பதினாலாம் மாடிக்குப் பால் வராமல் வெறும் தேநீர் குடித்தவர், ஒரு காலத்தில் ஊருக்கே மெத்தை சுமந்தவர். மெலனி அவரைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

அங்கிள் கண்ணைத் துடைத்தார். “செத்தாத்தான் இதெல்லாம் சொல்லுவாங்க. நான் சாகாமலே கேட்டிட்டன், பாத்தியா?”

பிறகு சிரித்தார். பால் பை கண்ணிலேயே இல்லை. முதல்முறையாக இலவசமாகச் சிரித்தார்.

“அங்கிள், இப்ப ஒரு வீடியோ எடுக்கட்டோ?”

“எடு. இந்த முறை மரியாதை கிடக்கட்டும்.”

பத்து மணிக்குக் கட்டட வாசல் வெள்ளை உடுப்பால் நிறைந்துவிட்டது. தேனுகா போட்ட திருத்தத்தை யார் பார்த்தார்கள்? கார் ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்? பக்கத்து மில்லிக்கனிலிருந்து கோணேஸ்வரி அன்ரி ஒரு பெரிய பானைப் பருப்போடு வந்திருந்தார். நகரின் மறுகோடிப் பார்க்டேலிலிருந்து சண்முகலிங்கம் அங்கிள் ஒரு மலர்வளையத்தோடு. அவர் பஸ்ஸில் முழு வழியும் அழுதிருந்தார் என்பது மூக்கிலேயே தெரிந்தது.

மெலனி ஒரு கதிரையில் ஏறி நின்றாள்.

“எல்லாரும் மன்னிச்சுக்கொள்ளுங்கோ. வீரக்குட்டி அங்கிள் சாகேல்லை. போஸ்ற்றரைப் பிழையாச் செய்தது நான்.”

“ஆளை உயிரோட மேல அனுப்பிவிட்டு விளையாட்டோ உங்களுக்கு?” கோணேஸ்வரி அன்ரியின் குரல் பானை மூடியைவிடச் சத்தமாக ஒலித்தது.

மெலனி வாதாடவில்லை. ரப்லற்றைத் தலைக்கு மேலே உயர்த்தி வீடியோவைப் போட்டாள். திரை நிறைய அங்கிளின் சிரிப்பு.

“நான் வீரக்குட்டி. நான் சாகல்ல. பால்தான் முடிஞ்சுபோச்சு.”

யாரோ ‘க்ளுக்’ என்றார்கள். அடுத்த நிமிடம் வாசல் முழுக்கச் சிரிப்பு. கோணேஸ்வரி அன்ரி சிரித்ததில் பருப்பு தளும்பியது.

சண்முகலிங்கம் அங்கிள் மட்டும் படியில் உட்கார்ந்துவிட்டார். “எத்தினை வருசம், ஒருக்கா வந்து பாக்கேல்லை. செத்தாப் பிறகு பாக்க வந்தன்.”

“இப்பவே பாக்கலாம், அங்கிள். பதினாலாம் மாடி,” என்றாள் மெலனி. பக்கத்தில் அன்று கொண்டுபோக வேண்டிய பைகள் வரிசையாக இருந்தன. அவள் மூளையில் ஒரு விளக்கு எரிந்தது. “போற வழிதானே, இந்த அரிசியை ஒன்பதாம் மாடியில குடுத்திட்டுப் போறீங்களோ?”

“எனக்கு முழங்கால் நோகுது, பிள்ளை.”

“அப்ப உருளைக்கிழங்கு.”

“அதுவும் பாரம்.”

“பாண்? சான்விச் பாண், பஞ்சு மாதிரி.”

சண்முகலிங்கம் அங்கிள் அவளை மேலும் கீழும் பார்த்தார். “நீ ஆரின்ர பிள்ளை? கடைக்காரரின்ரயோ?” என்று கேட்டபடி பாணை வாங்கினார். அதைக் கண்டதும் மற்றவர்கள் வெறுங்கையோடு ஏற வெட்கப்பட்டார்கள். கோணேஸ்வரி அன்ரி பானையைத் தேனுகாவிடம் கொடுத்துவிட்டு அரிசியைத் தூக்கினார்.

“அடுத்த சனியும் வரலாம்,” என்று லக்ஷன் ஒவ்வொருவரிடமும் பெயரும் நம்பரும் வாங்கினான். “பிஸ்கற்றும் கிடைக்கும்.”

பதினாலாம் மாடியில், இரண்டு கிழவர்களும் கட்டிப்பிடித்த பிறகுதான் மலர்வளையத்தை எல்லோரும் கவனித்தார்கள்.

“இதை என்ன செய்யிறது?” என்று சண்முகலிங்கம் அங்கிள் தலையைச் சொறிந்தார்.

மெலனி யோசித்தாள். “கிறிஸ்மஸ் வருது. இங்க எல்லாரும் கதவில வளையம் தொங்கவிடுறவைதானே?”

வீரக்குட்டி அங்கிளே ஆணியும் சுத்தியலும் எடுத்துவந்தார்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். வந்த அனுதாபம் இருநூற்றுப் பதினேழு. அங்கிள் எல்லாவற்றையும் வைத்திருக்கிறார், திருப்பிக் கொடுக்கும் எண்ணம் இல்லை. அம்மா கேட்டது பத்துப் பேர், சேர்ந்தது முப்பத்தொரு பேர். உடைந்த முட்டை இரண்டு, அது லக்ஷன். மலர்வளையம் ஒன்று, கதவில். பாக்கி ஒன்றே ஒன்று: பார்க்டேலிலிருந்து ஸ்காபரோவரை சண்முகலிங்கம் அங்கிள் வீணாக அழுத அழுகை. அந்தக் கடனை வீரக்குட்டி அங்கிள் ஞாயிறுதோறும் ஒரு கோப்பைத் தேநீராகக் கட்டிவருகிறார்.

பால் விட்டு.