குடைக்காரனுக்குப் புதுக் குரல்

"டொக்... டொக்... டொக். அடுத்தது யார்?"

பள்ளி வாசலில், பேருந்தில், மாடிப்படியில் என்று எங்கே பார்த்தாலும் பிள்ளைகள் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமைதோறும் இரவில் தொலைக்காட்சியில் வரும் 'கறுப்புக் குடை' என்ற கொரியத் தொடரின் வில்லன் இப்படித்தான் கேட்பான். கறுப்பு மழைக்கோட்டு, கையில் நீளமான குடை. குடையைத் தரையில் மூன்று முறை தட்டினான் என்றால் யாரோ ஒருவர் தொலைந்தார் என்று அர்த்தம்.

சில்வண்டு அதில் ஒரு நிமிடம்கூடப் பார்த்ததில்லை. ஓயாமல் பேசுவதால் அவளுக்கு அந்தப் பெயர். வயது பதினொன்று.

"கத்தியும் ரத்தமுமா வருது. உனக்கு வேண்டாம்" என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், தமிழில் அந்தக் குடைக்காரனுக்குக் குரல் கொடுப்பதே அவளுடைய சொந்த மாமா!

மாமா அவர்கள் வீட்டிலேயே இருந்தார். கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறி நிற்பார். ஆனால் ஒலிப்பதிவு அறைக்குள் போய், ஒலிவாங்கி முன்னால் நின்று, ஒரு வாய் வெந்நீர் குடித்துவிட்டு "அடுத்தது யார்?" என்றால் போதும், கேட்பவர்களுக்கு முதுகுத்தண்டு சில்லிடும்.

"மாமா, கடைசிப் பகுதியில குடைக்காரன் மாட்டிக்குவானா? ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க!"

"மூச்! சொன்னா என் வேலை போயிடும்."

அந்தக் கடைசிப் பகுதி அடுத்த வாரம் சனிக்கிழமை வரப்போகிறது. அவர்கள் குடியிருந்த ஏழு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளக் கூடத்தில் பெரிய திரை கட்டி, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்பதாகப் பேச்சு. பிள்ளைகளையும் விடுவதா, கூடாதா என்று முடிவெடுக்க ஞாயிற்றுக்கிழமை கூட்டம்.

"கூட்டத்துல சரின்னு சொன்னா நானும் தடுக்கல" என்று அம்மா சொல்லியிருந்தாள். சில்வண்டுக்குத் தரையில் கால் பாவவில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள் மழை கொட்டியது. கடைக்குப் போய்விட்டு ஓடிவந்த சில்வண்டு, மாடிப்படிக்கு அடியில் யாரோ விசும்புவதைக் கேட்டாள். எட்டிப் பார்த்தால், ஆறாம் மாடித் தையல்காரரின் மகன் பட்டாணி! ஒன்றாம் வகுப்புப் படிப்பவன். தொப்பலாக நனைந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"டேய் பட்டாணி! இங்க என்னடா பண்ற? வீட்டுக்குப் போகல?"

அவன் ஒரு விரலை மட்டும் நீட்டிக் காட்டினான். கட்டட வாசலில், மூன்றாம் மாடி உடற்பயிற்சி மாஸ்டர் தன் கறுப்புக் குடையைத் தரையில் தட்டித் தண்ணீரை உதறிக்கொண்டிருந்தார். டொக், டொக்.

சில்வண்டுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"நீ அந்தத் தொடரைப் பாத்தியா?"

"அண்ணன் போன்ல பாத்தான். நான் கண்ணை மூடிக்கிட்டேன். ஆனா சத்தம் கேட்டுச்சு." அவன் குரல் இன்னும் இறங்கியது. "அக்கா, உங்க மாமா நிஜமாவே அவனா?"

ஓ! இவன் ஒரு மாதமாக அவள் வீட்டுப் பக்கமே வராததற்கு இதுதானா காரணம்?

"சேச்சே! அவர் கரப்பான்பூச்சிக்கே பயப்படுவாருடா" என்றாள் சில்வண்டு. பட்டாணி நம்பவில்லை.

"யார்கிட்டயும் சொல்லாத. எல்லாரும் பயந்தாங்கொள்ளின்னு கூப்பிடுவாங்க. சத்தியமா?"

"சத்தியமா."

மாஸ்டர் மேலே ஏறிப் போகும்வரை இருவரும் படிக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அவள் தன் துப்பட்டாவால் அவன் தலையைத் துவட்டி, ஆறாம் மாடி வரை கொண்டுபோய் விட்டாள்.

மறுநாள் கூட்டத்தில் எள் போட்டால் எண்ணெய் ஆகிவிடும், அவ்வளவு கூட்டம். பிள்ளைகள் எல்லாம் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் மருந்துக்கடைக்காரர் எழுந்தார்.

"இதெல்லாம் பிள்ளைங்க பாக்கிற தொடரா? ஏழாவது பகுதியில லிஃப்டுக்குள்ள என்ன நடந்துச்சு தெரியுமா? ஒன்பதாவதுல அந்தச் சமையல்காரனை என்ன பண்ணாங்க தெரியுமா? நான் இந்தக் கண்றாவியைத் தொட்டுக்கூடப் பாக்கறதில்ல!"

"பாக்காமயேதான் பகுதி பகுதியா ஒப்பிக்கிறீங்களாக்கும்!" என்றார் மாஸ்டர். கூடமே சிரித்தது.

"என் பொண்டாட்டி பாக்கும்போது காதுல விழுந்துச்சு சார்!"

"பிள்ளைங்களைப் பஞ்சுல பொத்தி வளக்க முடியுமா? எல்லாம் நடிப்பு, எல்லாம் சாயம்னு சொல்லிக் கொடுத்தாப் போச்சு" என்றார் மாஸ்டர்.

"சொன்னா மட்டும் கனவு வராம இருக்குமா?" என்று கேட்டார் குடியிருப்போர் சங்கத் தலைவி. அவர் கணக்கு டீச்சர். "என் வகுப்புல பாதிப் பேர் கொட்டாவி விடறாங்க. கேட்டா, குடைக்காரன் வந்துட்டானாம்!"

"அப்போ கதையில ராட்சசனே வரக்கூடாதா?"

"ராட்சசன் வரலாம். ரத்தத்தை வாளி வாளியா ஊத்தணுமா?"

சத்தம் கூரையைப் பிய்த்தது. திடீரென்று மருந்துக்கடைக்காரர் மாமாவைப் பார்த்துக் கையை நீட்டினார். "எல்லாத்துக்கும் இவர் குரல்தான் காரணம்! இவ்வளவு பயங்கரமாப் பேசச் சொன்னது யாரு?"

மாமா மெல்ல எழுந்தார். "நான் வாயை வாடகைக்கு விடறவன் சார். அவங்க எழுதிக் கொடுக்கறதைப் பேசறேன்" என்றார். அது அவர் சாதாரணக் குரல். கிட்டத்தட்ட கீச்சுக் குரல்.

"போதும்!" என்று மேசையைத் தட்டினார் தலைவி. "நாமளே பேசிட்டிருக்கோம். ஒரு பிள்ளையைக் கேப்போம். சில்வண்டு, நீ வா. இதைப் பாத்தா உனக்குப் பயமா இருக்குமா, இருக்காதா?"

ஜன்னலில் இருந்து அவளுடைய தோழி நெட்டை, 'இல்லைன்னு சொல்லு! இல்லைன்னு சொல்லு!' என்று சத்தமில்லாமல் வாயசைத்தாள்.

ஒரே ஒரு வார்த்தைதான். 'இல்லை' என்றால் போதும். சனிக்கிழமை பெரிய திரையில் குடைக்காரன்!

சில்வண்டு வாயைத் திறந்தாள். அப்போது தையல்காரரின் முதுகுக்குப் பின்னால் பட்டாணி தெரிந்தான். அப்பாவின் சட்டையைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனைப் பற்றிச் சொல்லவும் கூடாது. சத்தியம் செய்திருக்கிறாள். சொல்லாமலும் எப்படி இருப்பது?

"எனக்குப் பாக்கணும்னு ரொம்ப ஆசையா இருக்கு" என்றாள் மெதுவாக. "ஆனா என்னைவிடச் சின்னவங்களும் இருக்காங்க. கூடத்துல போட்டா சத்தம் எல்லா வீட்டுக்கும் கேக்கும். அதனால... பெரியவங்க அவங்கவங்க வீட்டுலயே கதவைச் சாத்திட்டுப் பாருங்க. அந்தப் பெரிய திரையை எங்களுக்குக் கொடுங்க."

"உங்களுக்கா? என்ன பண்ணப் போறீங்க?"

உண்மையில் அதை அவள் இன்னும் யோசித்திருக்கவில்லை. சட்டென்று மாமாவின் முகம் கண்ணில் பட்டது. அவள் கண்கள் மின்னின.

"சண்டையே இல்லாத ஒரு சின்னக் காட்சியை மாமா எடுத்துக் கொடுக்கட்டும். சத்தத்தை அணைச்சிடுங்க. குரல் நாங்க கொடுக்கறோம்!"

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மருந்துக்கடைக்காரரும் மாஸ்டரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். அது அந்தக் கட்டடத்தில் அதுவரை நடந்ததே இல்லை.

ஆனால் வெளியே வந்தவுடன் நெட்டை பாய்ந்தாள்.

"கெடுத்துட்டியே! எல்லாம் கூடி வர்ற நேரத்துல! உன்கூட டூ!"

"எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு நெட்டை" என்றாள் சில்வண்டு. " ஆனா கதாநாயகனுக்குப் பேச ஆள் வேணும். உன்னை மாதிரி கத்திப் பேச இங்க யாரு இருக்கா?"

நெட்டை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச தூரம் நடந்தாள். நின்றாள்.

"எத்தனை வசனம்?" என்று கேட்டாள்.

அந்த வாரம் முழுவதும் சில்வண்டு வீட்டில் ஒரே ரகளை. மாமா எடுத்துத் தந்தது இதுதான்: நீளமான ஒரு நடைக்கூடம். அந்தக் கோடியிலிருந்து குடைக்காரன் நடந்து வருகிறான். கதாநாயகனிடம் ஏதோ கேட்கிறான். முகத்தை அவன் முகத்தருகே கொண்டுபோகிறான். திரும்பிப் போய்விடுகிறான். அவ்வளவுதான்.

மழைக்கு, தட்டில் அரிசியைச் சொரிந்தார்கள். காலடிக்கு, இரண்டு தேங்காய்ச் சிரட்டைகள். "எனக்கு என்ன வேஷம்?" என்று ஆவலாகக் கேட்ட மாமாவுக்குப் பூனை வேஷம் கிடைத்தது. திரையில் பூனையே இல்லை. இருந்தாலும் "மியாவ்" என்று மூன்று விதமாகச் சொல்லிப் பழகினார்.

குடைக்காரனுக்குத்தான் ஆள் இல்லை. சில்வண்டு ஆறாம் மாடிக்கு ஏறினாள்.

"மாட்டேன்!" என்றான் பட்டாணி, தையல் இயந்திரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு.

"சரி, வேண்டாம். சும்மா கேட்டேன்."

அவள் திரும்பி நடந்தாள். இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"அக்கா... நான் பேசினா, அவன் நான் சொல்றதையா பேசுவான்?"

"நீ என்ன சொன்னாலும் அதைத்தான் பேசுவான். வாய் அவனோடது, பேச்சு உன்னோடது."

"எது வேணும்னாலும் சொல்லலாமா?"

"எது வேணும்னாலும்."

பட்டாணி கீழே கிடந்த நூல்கண்டை உருட்டியபடி நெடுநேரம் யோசித்தான். பிறகு வந்தான். மாமாவைக் கண்டதும் சில்வண்டின் பின்னால் பதுங்கினான். மாமா தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, நாலாவது விதமாக ஒரு "மியாவ்" பழகிக்கொண்டிருந்தார். பட்டாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் கூடம் நிறைந்து வழிந்தது. பிள்ளைகளுக்கு என்று ஏற்பாடு செய்த இடத்தில் பெரியவர்கள்தான் முதல் வரிசையைப் பிடித்திருந்தார்கள்.

விளக்கு அணைந்தது. அரிசி மழை பெய்தது. சிரட்டைகள் நடந்தன. திரையில் குடைக்காரன் வந்தான். பெரிய திரையில் அவன் இன்னும் பெரிதாக இருந்தான். குடையை ஓங்கித் தட்டினான்.

நெட்டை மேசையில் தட்டினாள். டொக். டொக். டொக்.

குடைக்காரன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

ஒலிவாங்கியின் முன்னால் பட்டாணி சிலையாக நின்றான். வாழ்க்கையிலேயே முதல்முறையாகச் சில்வண்டு வாயை மூடிக்கொண்டு, அவன் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். குளிர்ந்திருந்த அந்தக் கை, மெல்ல அவள் விரல்களை இறுக்கியது.

"அடுத்தது யார்..." கீச்சென்று ஒரு குரல் கூடம் முழுவதும் கேட்டது. "அடுத்தது யார் என் செருப்பை மாத்திப் போட்டுக்கிட்டுப் போனது?"

கூடம் அதிர்ந்தது! மாஸ்டர் சிரித்த சிரிப்பில் நாற்காலி சாய்ந்தது.

"நான் இல்லை!" என்று கர்ஜித்தாள் கதாநாயக நெட்டை.

"பொய் சொல்லாத! எங்கம்மா திட்டுவாங்க! புதுச் செருப்பு!"

திரையில் குடைக்காரன் பயங்கரமாக முகத்தை முன்னால் நீட்டினான். எழுதி வைத்த வசனம் அங்கே முடிந்துபோயிருந்தது. நெட்டை திருதிருவென்று விழித்தாள். பட்டாணி மட்டும் விழிக்கவில்லை.

"இரு, இரு... தும்மல் வருது... ஹ... ஹா... ஹச்!"

குடைக்காரன் சரியாக அதே நேரத்தில் தலையை வெடுக்கென்று ஆட்டினான்! அதோடு திரும்பி நடக்கத் தொடங்கினான்.

"மூக்கு ஒழுகுது. கைக்குட்டை எடுத்துட்டு வரேன். இங்கயே இரு!"

"மியாவ்" என்றார் மாமா, யாரும் கேட்காமலே.

கைதட்டல் அடங்கவே இல்லை. "இன்னொரு தடவை! இன்னொரு தடவை!" என்று கத்தினார்கள். மொத்தம் நான்கு தடவை போட்டார்கள். நான்கு தடவையும் பட்டாணியின் குடைக்காரன் வேறு வேறு பொருளைத் தொலைத்திருந்தான். கடைசித் தடவையில் அவன் குடையையே தொலைத்துவிட்டு, அதைக் கையில் வைத்துக்கொண்டே தேடினான்.

எல்லாம் முடிந்தபோது வெளியே மழை பிடித்துக்கொண்டது. பட்டாணி, கறுப்புக் குடையோடு நின்ற மாஸ்டரிடம் போய் அண்ணாந்து பார்த்தான்.

"மாஸ்டர், அந்தக் குடையை நான் பிடிச்சுக்கட்டுமா?"

அவனைவிட உயரமான குடையை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு, முற்றத்தில் தேங்கிய தண்ணீரில் தொப் தொப்பென்று நடந்தான். அவன் அப்பா தையல்காரர் ஒன்றும் புரியாமல் சில்வண்டைப் பார்த்தார். அவள் தோளைக் குலுக்கினாள். சத்தியம் சத்தியம்தானே!

அப்போது யாரோ அவள் தோளைத் தொட்டார்கள். மருந்துக்கடைக்காரர். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா சில்வண்டு... அடுத்த வாரமும் உண்டா? எனக்கும் ஏதாவது ஒரு குரல் கொடுப்பீங்களா? சின்னதா இருந்தாலும் போதும்."

சில்வண்டும் நெட்டையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இது பெரியவங்களுக்கு ஏத்ததான்னு தெரியலையே அங்கிள்" என்றாள் சில்வண்டு, முகத்தை ரொம்பக் கறாராக வைத்துக்கொண்டு. "நாங்க ஒரு கூட்டம் போட்டு முடிவு பண்ணிச் சொல்றோம்."